ஆராய்ச்சிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

வரவு செலவு எழுதாத கடை நெடுநாள் நிலைப்பதில்லை என்பதை யாவரும் அறிவர். சாகுபடிச் செலவைக் குறித்து வைக்காத பண்ணையும் அவ்வாறே. ஆயினும், நமக்குப் புதிய விதையையும் மருந்தையும் பயிர்முறையையும் ஆராய்ந்து அளிக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் இத்தகைய கணக்கு அவசியம் என்பதைக் குடியானவர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆராய்ச்சி என்பது கற்றறிந்தோர் தம் விருப்பப்படி நடத்தும் காரியம் என்றும், அதன் நிர்வாகம் கோயம்புத்தூரையும் டில்லியையும் சார்ந்த விஷயம் என்றும் இருந்துவிடுகிறார்கள்.

எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது, யாரிடம் ஒப்படைப்பது, எவ்வளவு பணமும் காலமும் ஒதுக்குவது, எப்போது முடிப்பது, முடிவை யாருக்கு அறிவிப்பது என்னும் இவ்வைந்தும் ஒழுங்கின்றி நடக்குமாயின், நஷ்டம் நிலையத்தோடு நிற்பதில்லை. அது வாய்க்கால் வழியாக வரும் தண்ணீரைப்போல் ஒவ்வொரு வயலுக்கும் வந்து சேரும். ஆகவே ஆராய்ச்சியை நடத்தும் முறைகளைப் பற்றியும், அம்முறைகளில் குடியானவர் வகிக்க வேண்டிய பங்கைப் பற்றியும் ஈண்டு விவரிப்போம்.

ஆராய்ச்சி அமைப்பு வளர்ந்த விதம்

நமது தேசத்தில் விவசாய ஆராய்ச்சியை ஒரே ஒழுங்கில் கொண்டுவர வேண்டுமென்ற எண்ணம் புதியதன்று. 1926-ல் நியமிக்கப்பட்ட ராயல் விவசாயக் கமிஷன் 1928-ல் தன் அறிக்கையை அளித்தது. அதன் சிபாரிசின்பேரில் 1929-ல் இம்பீரியல் விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் ஏற்பட்டது. பின்னர் அதுவே இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் எனப் பெயர் பெற்றது. 1957-ல் மக்காச்சோளத்துக்காக முதலாவது அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரே பயிரைப் பற்றிப் பல மாகாணங்களில் தனித்தனியே நடந்த பரீட்சைகள் ஒரே முறையில் அமைந்து, ஒரே இடத்தில் ஒப்பிடப்படுவதற்கு இத்திட்டமே வழிகாட்டிற்று. 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1979-ல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தேசிய விவசாய ஆராய்ச்சித் திட்டம், மண், மழை, பயிர் ஆகியவற்றை அனுசரித்து நாட்டை மண்டலங்களாக வகுத்தது. தமிழ்நாடு அவ்வாறு ஏழு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது.

நமது பெரியகுளத்தில் 1957-ல் பழ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1990 முதல் இங்கே தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இயங்கி வருகின்றன.

அயல் நாடுகளிலும் இவ்விஷயம் ஆராயப்பட்டது. ஹாலந்து தேசத்தின் ஹேக் நகரில் இஸ்னார் என்னும் சர்வதேச ஸ்தாபனம் ஒன்று இருந்தது. பயிரைப் பற்றி ஆராய்வது அதன் வேலையன்று. வளரும் நாடுகளின் விவசாய ஆராய்ச்சி அமைப்புகள் தம் வேலையை எவ்வாறு திட்டமிட்டு, மேற்பார்த்து, மதிப்பிட வேண்டும் என்பதை ஆராய்ந்து, அதற்கான எளிய சாதனங்களை வகுத்துக் கொடுப்பதே அதன் வேலை. 1979-ல் ஏற்பட்ட அந்த ஸ்தாபனம் 2004-ல் மூடப்பட்டது. ஆனால் அது வகுத்த முறைகளின் சாரம் இன்றும் பயன்படத் தக்கது. அவற்றை நமது ஜில்லாவின் நிலைமைக்கேற்ப ஐந்து புத்தகங்களாகப் பிரித்துக் கூறலாம்.

ஒரு வியாதியை உதாரணமாகக் கொள்வோம்

வெறும் முறைகளை மட்டும் சொன்னால் மனத்தில் பதியாது. ஆதலின் நமது பள்ளத்தாக்கு நன்கறிந்த வாழை வாடல் வியாதியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்தபின் கம்பம் பள்ளத்தாக்கில் நீர்வளம் பெருகியது. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இத்தண்ணீரால் பாய்கிறது. நெல்லோடு தென்னை, திராட்சை, வாழை ஆகியவையும் பள்ளத்தாக்கில் பரவின. அண்மைக் காலத்தில் ஜி-9 என்னும் திசு வளர்ப்பு வாழை பெருமளவு சாகுபடியாகிறது.

வாடல் வியாதிக்குக் காரணம் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம். அது வேர் வழியே புகுந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. முதலில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு முறிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டின் அடிப்பாகம் பிளவுபடும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறக் கோடுகள் தோன்றும். இப்பூஞ்சணம் வாழை இல்லாமலே பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்க வல்லது. பக்கக் கன்று, மண் ஒட்டிய மண்வெட்டி, பாசன நீர் ஆகியவற்றின் வழியாக ஒரு வயலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்.

இதே வியாதிதான் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் வாழைத் தோட்டங்களை அழித்தது. அதற்கு மாற்றாக வந்ததே கேவண்டிஷ் வாழை. ஜி-9 அவ்வினத்தைச் சேர்ந்தது. முதலாம் இனப் பூஞ்சணம் நமது ரஸ்தாளியைத் தாக்கும், கேவண்டிஷைத் தாக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டில் கேவண்டிஷ் வாழையிலும் முதலாம் இனத்தின் வீரியமிக்க வகை காணப்பட்டதைத் திருச்சிராப்பள்ளி வாழை ஆராய்ச்சியாளர் 2010-ல் வெளியிட்டனர். கேவண்டிஷை இயல்பாகவே தாக்கும் நான்காம் இனம் பின்னர் பீகாரில் கண்டறியப்பட்டது. இந்நிலையில், ஒரு தோட்டத்தில் பத்து மரம் வாடியபோதே செய்தி ஆராய்ச்சி நிலையத்தை எட்டுவதற்கும், ஊர் முழுவதும் வாடியபின் எட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

முதற் புத்தகம்: கேள்விப் பதிவேடு

ஆராய்ச்சி நிர்வாகத்தின் முதற் சாதனம் மிக எளியது. குடியானவரின் கஷ்டம் எங்கே, எப்போது, எந்த அளவில் நேர்ந்தது என்பதைத் தேதியுடன் பதிவு செய்யும் புத்தகமே அது. "வாழை வாடுகிறது" என்று எழுதினால் பயனில்லை. எந்த ரகம், கன்று எங்கிருந்து வந்தது, முன்பயிர் என்ன, எந்த வாய்க்காலின் கீழ் உள்ள நிலம், எத்தனை மரத்தில் எத்தனை வாடின, எந்த மாதத்தில் கண்டது ஆகிய ஆறும் சேர்ந்தால்தான் அது ஆராய்ச்சிக்குரிய கேள்வியாகும். இருபது ஊர்களிலிருந்து இவ்வாறு எழுதி வந்தால், வியாதி கன்றின் வழியே வந்ததா தண்ணீரின் வழியே வந்ததா என்பதைப் பதிவேடே பாதி சொல்லிவிடும்.

கஷ்டத்தை மட்டுமன்றி நல்ல பொருளையும் இதில் பதிய வேண்டும். பெரியகுளத்தை அடுத்த எண்டப்புளியின் புளிய மரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே பி.கே.எம். 1 புளி. தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சித் தக்காளியில் உருமாற்றம் உண்டாக்கிப் பெற்றதே 1978-ல் வெளியான பி.கே.எம். 1 தக்காளி. எப்போதும்வென்றான் வட்டாரத்து முருங்கையிலிருந்து தேர்ந்ததே 1989-ல் வெளியாகிப் பல தேசங்களுக்கும் பரவிய பி.கே.எம். 1 செடிமுருங்கை. இம்மூன்றுக்கும் மூலம் குடியானவரின் கொல்லையிலும் வயலிலும் இருந்தது. அதைக் கண்டு குறித்து வைத்தவர் ஒருவர் இருந்தமையால் ரகம் பிறந்தது.

இரண்டாம் புத்தகம்: முதன்மை அட்டவணை

கேள்விகள் நூறு வரும்; நிலையத்தில் ஆராய்ச்சியாளரோ சிலரே. எதை முதலில் எடுப்பது? உரத்த குரலில் கேட்பவரின் கேள்வியையா, ஆராய்ச்சியாளருக்குப் பிரியமான கேள்வியையா? இவ்விரண்டும் முறையாகா. ஒவ்வொரு கேள்விக்கும் சில அளவுகோல்களின்படி மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துவதே தக்க வழி.

அளவுகோல் நான்கு என்று கொள்வோம்: நஷ்டத்தின் பணமதிப்பு, பாதிக்கப்படும் குடும்பங்களின் தொகை, சில ஆண்டுகளில் விடை காணக்கூடுமென்ற நம்பிக்கை, வேறெங்கும் இவ்வேலை நடவாமை. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 5. பின்வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக நாம் இட்டவையே. எந்த நிலையத்தின் தீர்ப்பும் அல்ல.

வாழை வாடல்: 5, 4, 3, 2. கூட்டினால் 14.
திராட்சையில் அடிச்சாம்பல் வியாதி: 4, 2, 4, 2. கூட்டினால் 12.
மானாவாரிச் சோளத்தில் வறட்சி: 2, 5, 3, 4. கூட்டினால் 14.

பணமதிப்பை மட்டும் பார்த்தால் வாழை, திராட்சை, சோளம் என்ற வரிசை அமையும். ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் குடியானவரின் கேள்வி என்றும் கடைசியிலேயே நிற்கும். நான்கையும் கூட்டினால் சோளம் வாழைக்குச் சமமாகிறது. குடும்பங்களின் தொகைக்கு இரட்டிப்பு மதிப்பு கொடுத்தாலோ சோளம் 19, வாழை 18, திராட்சை 14 என்றாகும். ஆகவே, எந்த அளவுகோலுக்கு எவ்வளவு கனம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே இப்புத்தகத்தின் உயிர்நிலை. அட்டவணை நியாயத்தைத் தானாக உண்டாக்காது. ஆனால் தீர்மானத்தைப் பலர் முன்னிலையில் எழுத்தில் வைக்கிறது. எழுத்தில் உள்ளதைக் கேள்வி கேட்க இயலும்.

நான்காவது அளவுகோலும் முக்கியமானது. வாழைக்கென்று திருச்சிராப்பள்ளியில் 1993 முதல் தேசிய ஆராய்ச்சி நிலையம் உள்ளது. போடிநாயக்கனூர் வியாபாரத்துக்கு ஆதாரமான ஏலக்காய்க்கு மலைக்கு அப்பால் கேரளத்தில் பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே நடப்பதை இங்கே மீண்டும் தொடங்குவது பணவிரயம். அங்கே கண்டதை நமது மண்ணில் பரீட்சித்துப் பார்ப்பதே நமது கடமை.

மூன்றாம் புத்தகம்: ஆளும் பணமும்

ஒரு நிலையம் தன் நோக்கம் இன்னது என்று அச்சிட்டிருக்கலாம். ஆனால் அதன் உண்மையான நோக்கத்தை அறிய வேண்டுமானால், ஆராய்ச்சியாளரின் மாதங்கள் எதில் செலவாகின்றன என்று பார்க்க வேண்டும். இஸ்னார் வகுத்த இன்ஃபார்ம் என்னும் முறை இதற்கானதே. ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் பயிர்களை வரிசையாக எழுதுக: நெல், வாழை, திராட்சை, மா, தென்னை, முருங்கை, சோளம். மேலே வேலைகளை எழுதுக: ரகம், மண்ணும் நீரும், பூச்சியும் வியாதியும், அறுவடைக்குப் பிந்திய பாதுகாப்பு, விலையும் சந்தையும். ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கென ஆண்டில் செலவான ஆராய்ச்சியாளர் மாதங்களையும் ரூபாயையும் இடுக.

தாளைச் சுவரில் மாட்டியவுடன் காலியான கட்டங்கள் கண்ணில் படும். முதன்மை அட்டவணையில் முதலிடம் பெற்ற கேள்விக்கு இத்தாளில் ஒரு மாதமும் இல்லையெனில், பிழை எங்கே என்று ஆராய வேறு சாட்சி வேண்டா. சம்பளத்துக்குப் பணம் இருந்து, வயலுக்குச் செல்லும் பிரயாணத்துக்கும் மருந்துச் சாமானுக்கும் பணம் இல்லாத நிலையும் இதில் வெளிப்படும். ஏர் இருந்து மாடு இல்லாத பண்ணைக்கு அது ஒப்பாகும்.

நான்காம் புத்தகம்: பரீட்சைக் குறிப்பு

ஒரு பரீட்சையை எப்படி அமைப்பது என்பது நிர்வாக விஷயமே. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1919-ல் சேர்ந்த ரொனால்டு பிஷர் என்பார், ஒவ்வொரு முறையையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப அமைத்து, எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் வழியை ஸ்தாபித்தார். நமது தேசத்தில் பான்ஸே, சுகாத்மே ஆகிய இருவர் 1954-ல் வெளியிட்ட நூல் இவ்வழியை விவசாய ஊழியர் பலருக்கும் கற்பித்தது.

வாடல் வியாதிக்கு இதன் அவசியம் தெளிவானது. பூஞ்சணம் வயல் முழுவதும் சமமாகப் பரவியிராது. திட்டுத் திட்டாகக் கிடக்கும். தோட்டத்தைக் கிழக்கு மேற்காகப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்திட்டு, அங்கே மரம் பிழைத்ததைக் கண்டு மருந்தே காரணம் என்று சொன்னால் ஏமாற்றமே மிஞ்சும். அப்பாதியில் முதலிலேயே பூஞ்சணம் இல்லாதிருந்திருக்கலாம்.

பரீட்சைக் குறிப்பின் முதற் பக்கத்தில் நான்கு விஷயங்கள் இருத்தல் வேண்டும்: விடை தேடும் கேள்வி, தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்த முடிவு வந்தால் வேலையை நிறுத்துவது என்பது. ஆண்டுதோறும் பரிசீலனையில் இப்பக்கத்தைத் திறந்து பார்த்தால், பயனற்ற பரீட்சை வழக்கத்தின் பேரால் தொடர்ந்து நடப்பது ஒழியும். பயனில்லை என்று கண்ட முடிவையும் அச்சிட வேண்டும். அதே வீண்வேலையை மற்றொரு நிலையம் செய்யாதிருக்க அது உதவும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர எருப் பரீட்சை நூறாண்டு கடந்தது. ஒரே நிலத்தில் தொழுவுரத்தையும் ரசாயன எருவையும் ஆண்டுக்கணக்காக இட்டுவந்தால் மண் என்னாகும் என்பதை மூன்றாண்டுப் பரீட்சை சொல்லாது. எல்லா வேலையையும் ஒரே கெடுவில் முடிக்க வேண்டுமென்று வற்புறுத்தினால் இத்தகைய அறிவு கிட்டாமற் போகும். முடியும் தேதி என்பது ஒவ்வொரு கேள்வியின் இயல்புக்கேற்ப அமைய வேண்டும்.

ஐந்தாம் புத்தகம்: விடைப் பதிவேடு

முதல் நான்கும் செவ்வனே நடந்து, இந்த ஐந்தாவது இல்லாவிடில் யாவும் வீணே. கேள்வி கொடுத்த குடியானவருக்கு விடை என்ன ஆயிற்று என்று திருப்பிச் சொல்வதே இதன் நோக்கம். விடை மூவகைப்படும். இதைச் செய்யலாம் என்பது ஒன்று. இதைச் செய்யவேண்டா என்பது மற்றொன்று. இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை இன்னது செய்க என்பது மூன்றாவது. மூன்றாவது வகையைச் சொல்லத் தயங்குதல் ஆகாது. மௌனமாக இருந்தால் அவ்விடத்தை மருந்துக் கடைக்காரரின் வாக்கு நிரப்பிவிடும்.

வாடல் வியாதிக்கு இன்று சொல்லக்கூடிய விடை பெரும்பாலும் மூன்றாம் வகையைச் சார்ந்தது. வியாதி கண்ட தோட்டத்துக் கன்றை எடுக்கலாகாது. அங்கு உழைத்த கருவிகளைக் கழுவாமல் வேறு வயலுக்குக் கொண்டுபோகலாகாது. வாடிய மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழித்து, குழியில் சுண்ணாம்பு இடுதல் நலம். தண்ணீர் வசதியுள்ள இடத்தில் வாழைக்குப்பின் நெல் நட்டு நிலத்தை நீரில் நிறுத்தினால் பூஞ்சணம் குறையும். இவற்றால் வியாதி அடியோடு ஒழியுமென்று வாக்களிக்க இயலாது, பரவுவது தாமதப்படும். அத்தாமதம் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் அவகாசமாகும்.

குடியானவர் செய்யவேண்டியது

இப்புத்தகங்கள் அதிகாரிகளின் அலமாரிக்கு மட்டும் உரியவையல்ல. வேளாண் அறிவியல் நிலையம் ஒவ்வொன்றிலும் குடியானவர் பிரதிநிதிகள் அடங்கிய ஆலோசனைக் குழு உண்டு; நமது ஜில்லாவில் அந்நிலையம் காமாட்சிபுரத்தில் உள்ளது. ஆத்மா திட்டத்தின் கீழ் வட்டாரந்தோறும் குடியானவர் ஆலோசனைக் குழுக்கள் அமைகின்றன. ஜில்லாவின் ஆராய்ச்சித் தேவைகளையும் விரிவாக்கத் தேவைகளையும் தொகுத்துத் திட்டமாக வரைவதும் அத்திட்டத்தின் ஓர் அங்கம். இக்குழுக்களில் இடம் பெற்றோர் மான்யம் எப்போது வரும் என்பதோடு நில்லாமல், மூன்று விஷயங்களைக் கேட்டு விடையை எழுத்தில் பெறுவது உசிதம். சென்ற ஆண்டு நாங்கள் கொடுத்த கேள்விகள் எத்தனை பதிவாயின? அவற்றுள் எதற்கு ஆளும் பணமும் ஒதுக்கப்பட்டன? எதற்கு விடை வந்தது?

குழுவில் இடமில்லாதோர் செய்யத்தக்கதும் உண்டு. வியாதியோ பூச்சியோ கண்டவுடன் முன் சொன்ன ஆறு விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, எங்கள் இலாகாவின் கிராம ஊழியரிடமோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்து வாங்குக. வாடிய மரத்தின் தண்டுத் துண்டைக் காகித உறையில் வைத்துத் தரலாம். மண் ஒட்டிய கிழங்கையோ கன்றையோ ஊர் ஊராகத் தூக்கிச் செல்லுதல் கூடாது. வியாதியைக் காட்டப் போய் வியாதியைப் பரப்பியதாக முடியும். தங்கள் தோட்டத்தில் பரீட்சை நடத்த இடம் கேட்கப்பட்டால், மருந்திடாத பாத்தியும் அதில் இருக்க வேண்டுமென்பதை ஏற்றுக்கொள்க. அப்பாத்தியில் சில குலைகள் குறையலாம். அதில்லாமல் மற்றப் பாத்திகளின் விளைச்சலுக்கு அர்த்தம் இல்லை.

விவசாய ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணம் ஜனங்கள் செலுத்தும் வரிப்பணமே. அப்பணம் எந்தக் கேள்விக்கு விடை தேடச் செலவாயிற்று என்று கேட்கும் உரிமை ஏரைப் பிடிப்பவருக்கு உண்டு. கேட்பதற்கு முன் தம் கேள்வியைத் தேதியோடும் விவரத்தோடும் எழுதிக் கொடுக்கும் கடமையும் அவருக்கு உண்டு. இனிவரும் வாழை நடவுக்கு முன்னரே ஒவ்வொரு கிராமத்தாரும் இதைத் தொடங்குவாராக.